மாரியாத்தா பேரில் ஒரு படிவம்

எம். புதுப்பட்டியில் நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தபோது ஒரு மைக்செட்காரர் வந்தார். வெற்றிலைக் கறை படிந்த பல், காதோரம் நரை. செல்போனில் பேசும்போதுகூட, மைக்கைச் சோதிப்பதுபோல் முதலில் இரண்டு முறை ஊதிக்கொள்வார்.

இருக்கன்குடி மாரியம்மன் திருவிழாவில் பெண்கள் பாடிய கும்மியை அந்தக் காலத்தில் கேசட்டில் பதிந்தவர் அவர். நகலெடுக்க ஒரு கேசட் கம்பெனிக்கு இரவலும் தந்திருக்கிறார். இப்போது அவர் அதை இணையத்தில் போட்டதும், பதிவு தங்களுடையது என்று அந்தக் கம்பெனி புகார் கொடுத்து நீக்க வைத்துவிட்டது.

அந்தப் புகாரை எதிர்த்து இணையத்தில் நிரப்பவேண்டிய மறுப்புப் படிவம் உரிமையாளர் பெயரைக் கேட்டது.

"உங்க பேரைப் போடட்டுமா அண்ணாச்சி?"

"பாட்டு என்னுதா தம்பி? நான் மைக்கைத்தானே வச்சேன். பாடுன பொம்பளைக ஒருத்தரும் இப்ப உசுரோட இல்ல. மாரியாத்தா பேரைப் போடுங்க."

"ஆத்தா வந்து கையெழுத்துப் போடுமா? உங்களுதுன்னு சொன்னாத்தான் திரும்பக் கிடைக்கும்."

"அப்படிச் சொன்னா, அந்தக் கம்பெனிக்காரவுகளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

படிவத்தை மூடினேன்.

கிளம்பும்முன் போனில் இருந்த பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார். கும்மி தொடங்குவதற்கு முன் இரண்டு ஊதல் கேட்டது. அதை எழுத அந்தப் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை.