கோலி சோடாவில் ஏறிய போதை

ஆறு வயதாகியும் எனக்குக் காது குத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் மூளிக்காது என்று கூப்பிட்டு உயிரை வாங்கினார்கள். காது குத்தத் தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அந்த மாமாவோடு அப்பா பேசுவதில்லை. தியாகதுருகத்தில் நடந்த மாமா கல்யாணத்தில் அப்பாவை முதல் பந்திக்கு யாரும் கூப்பிடவில்லையாம். எங்கப்பாவா கூப்பிடாத பந்தியில் உட்காருவார்? பட்டினியோடு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறியவர், அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டார். நடுவில் மாட்டிக்கொண்டது என் காது.

கடைசியில் அம்மாவே தன் தம்பியை ராச்சாப்பாட்டுக்கு வரச் சொன்னாள். பாண்டிச்சேரியில் ஓட்டல் சப்ளையராக இருந்த மாமா, நுரைக்கிற வைன் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். வெள்ளைக்காரர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் குடிப்பதாம். தம்ளரில் ஒரு விரல் உயரம் நன்னாரி சர்பத், அரைமூடி எலுமிச்சை, மேலே வைனை மெதுவாக ஊற்றினால் போதும் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கூடத்துக்குப் போனார். அங்கே அப்பா காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆனால் வைன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் எந்த பாட்டிலையும் குலுக்கித்தான் திறப்போம். சர்பத்தோ இருமல் மருந்தோ, அடியில் தங்கியது கலக்க வேண்டாமா? அம்மா வைனையும் நன்றாகக் குலுக்கினாள். தக்கை கூரை ஓட்டில் போய் அடித்தது. நுரை பொங்கிச் சாம்பார் சட்டிவரை நனைத்துவிட்டு, பாட்டில் காலியாகிவிட்டது. திறந்தாச்சா என்று மாமா கூடத்திலிருந்து கேட்டார். ஆச்சு ஆச்சு என்று சொல்லிக்கொண்டே அம்மா என்னைப் பின்வாசல் வழியாகச் சோடாக் கடைக்குத் துரத்தினாள்.

நன்னாரியும் எலுமிச்சையும் கோலி சோடாவும் கலந்து இரண்டு தம்ளர் போனது. மாமா ஒரு மடக்கு குடித்தார். அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, நாக்கு குழற ஆரம்பித்தார்.

"மாமா, அன்னைக்கி உங்கள மொத பந்திக்கி கூப்டாம வுட்டது என் தப்புதாங்க."

தன் தம்ளரைக் காலி செய்திருந்த அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் கொஞ்சம் ஜாஸ்தியா ஏறிக்கினு இருக்குது மச்சான். புள்ளைக்கி காது குத்தணும், எப்ப வர்ற?"

அடுத்த மாதமே மாமா மடியில் உட்கார்ந்து, ஊரே கேட்க அலறி, காது குத்திக்கொண்டேன். அதன் பிறகு வெகுநாள் புதுக் கம்மலோடு சோடாக் கடை வாசலில் நின்று, குடித்தவர்களில் யார் முதலில் தள்ளாடுவார்கள் என்று ஆசையாகப் பார்த்திருக்கிறேன். ஒருத்தரும் தள்ளாடவில்லை. ஓட்டலில் தினமும் அந்த வைனை ஊற்றிக் கொடுத்த மனுஷனுக்கு, முதல் மடக்கிலேயே அது சோடா என்று தெரிந்திருக்கும் என்பது மட்டும் அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.