மகளோடு போன அசோசியேஷன் கூட்டம்

ஒரு அப்பார்ட்மெண்ட்டை எடைபோட வேண்டுமென்றால் அதன் லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளைப் படித்தாலே போதும் என்பது என் கட்சி. என் கணவர் ஒத்துக்கொள்ள மாட்டார். சிறுசேரியில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறவர். போர் தண்ணீர் எத்தனை மாதம் வரும், ஜெனரேட்டர் லிஃப்டுக்கு மட்டுமா வீட்டுக்குமா, பெயிண்ட் அடிக்க அசோசியேஷனில் பணம் சேர்த்து வைத்திருக்கிறார்களா என்று துருவித் துருவிக் கேட்பார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் லிஃப்டில் ஏறி இறங்கிவிட்டு வந்துவிடுவேன்.

பெரும்பாக்கம் போகிற வழியில் ஒரு பெரிய அப்பார்ட்மெண்ட் பார்த்தோம். அவருடைய எல்லாக் கேள்விக்கும் தங்கமான பதில். ஆனால் லிஃப்டில் ஒரே ‘கூடாது’ மயம். துணி காயப்போடக் கூடாது, வராந்தாவில் நின்று பேசக் கூடாது, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஊஞ்சலில் ஆடக் கூடாது. கடைசி வரியைப் படித்ததும் அப்படியே கிளம்பிவிட்டேன். என் மகளுக்கு இருபத்திரண்டு வயது. ஊஞ்சல் என்றால் உயிர்.

உடம்பு வளர்ந்த அளவுக்கு அவளுக்கு மனசு வளரவில்லை. பேச்சு அதிகம் கிடையாது. சந்தோஷம் வந்தால் கை தட்டுவாள், தொண்டையிலிருந்து நீளமாக ஒரு சத்தம் எழுப்புவாள். அதில் ஒரு ராகம் இருக்கும், கேட்கிற காது இருந்தால். தாம்பரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடுகளின் சொந்தக்காரர்களுக்கு அந்தக் காது இல்லை. ஒருவர், தன் மகன் வெளிநாட்டிலிருந்து வருவதாகச் சொல்லிக் காலி செய்யச் சொன்னார். அடுத்தவர் பொய் சொல்லக்கூட மெனக்கெடவில்லை, “சத்தம் தாங்கல மேடம்” என்றார். ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் அவள் சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்னால் அதை இன்னொரு தடவை பார்க்க முடியாது. அதனால்தான் இருந்த நகையை எல்லாம் விற்று, சொந்த வீடு என்று இறங்கினோம். ஆனால் சொந்த வீட்டிலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருப்பார்களே.

மேடவாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டைப் பார்த்தபோது இருவருக்கும் பிடித்தது. சின்ன அப்பார்ட்மெண்ட். லிஃப்டில் ஒரே ஒரு காகிதம், நாளை தண்ணீர் லாரி வராது, பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று. அசோசியேஷன் செயலாளர் என் வயதுப் பெண்மணி. என் கணவரின் கேள்விகளைக் கேட்டுக் களைத்துப்போய், “சார், ஞாயித்துக்கிழமை மீட்டிங் இருக்கு. நேர்ல வந்து நாங்க போடுற சண்டையைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க” என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் என் கணவர் மெல்ல ஆரம்பித்தார். “பாப்பாவை உன் தங்கச்சி வீட்டுல விட்டுட்டுப் போலாமா? பத்திரப்பதிவு முடியட்டும். அப்புறம் அவங்களுக்கே தெரியவரும்.”

“பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட மறைப்பாங்களே, அந்த மாதிரியா?”

“அவங்க வேணாம்னு சொல்லிட்டா?”

“வேணாம்னா இப்பவே சொல்லட்டும். காசைக் கொட்டினதுக்கு அப்புறம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா எங்க போவீங்க?” கத்தித்தான் சொன்னேன். அவருக்குப் பயம், பாவம். எனக்கும்தான்.

கூட்டம் கீழே கார் நிறுத்துமிடத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மகளுக்கு நீலச் சுடிதார் போட்டு, தலை பின்னிவிட்டு, நடுவில் உட்காரவைத்துக்கொண்டோம். இன்னொரு போர் போடுவதா, லாரித் தண்ணீரே போதுமா என்பதுதான் அன்றைய சண்டை. மூன்றாம் மாடிக்காரர் எழுந்தார். கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்து மீன் வியாபாரத்தில் முன்னேறியவராம். கார் கண்ணாடி அதிர்கிற குரல்.

“எப்போ பாத்தாலும் லாரி, லாரின்னு அவன் பின்னாடியே ஓடிகினு கீறோம். ஒரே பேஜாரு. போரைப் போட்டுத் தொலைங்க.”

அவர் முடித்ததும் என் மகள் கை தட்டினாள். கூடவே அந்த நீளமான சத்தம். எல்லாத் தலையும் திரும்பியது. என் கணவர் அவள் கையைப் பிடித்து அமுக்கினார்.

நான் எழுந்துவிட்டேன். “இவ என் பொண்ணு. இப்படித்தான் சத்தம் போடுவா, இப்படித்தான் கை தட்டுவா. நாங்க இந்த வீட்டை வாங்கினா இவளும் இங்கதான் இருப்பா. ஆட்சேபம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நாங்க கிளம்பிடுறோம்.” கேட்டவர்களுக்கு அதிகாரமாகத்தான் இருந்திருக்கும். உட்காராமல் அப்படியே நின்றேன்.

முன் வரிசையில் ஒருவர் கேட்டார், “ராத்திரியிலயும் சத்தம் இருக்குமாங்க?”

“சில நாள் இருக்கும்.”

“எங்க வீட்டுலயும் ராத்திரியெல்லாம் அழுற கைக்குழந்தை இருக்கு. சொன்னது நல்லதாப் போச்சு” என்று திரும்பிக்கொண்டார்.

மீன் வியாபாரிக்கு வேறு கவலை. “நான் இத்தினி வருசமா கத்திகினு கீறேன். ஒருத்தராச்சும் எனக்குக் கை தட்டிகீறீங்களா?” கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, நிஜமாகவே குறைப்பட்டுக்கொண்டார்.

பிறகு செயலாளர், போர் வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். எல்லாரும் தூக்குவதைப் பார்த்து என் மகள் இரண்டு கையையும் தூக்கினாள். என் கணவர் அதில் ஒன்றை எட்டிப் பிடித்து இறக்கப் பார்த்தார். எண்ணிக்கொண்டே வந்த செயலாளர் அவள் முன்னால் நின்றார். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பல்லைக் காட்டிக்கொண்டு தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார், அல்லது பார்க்காததுபோல் நகர்வார். இரண்டும் எனக்குப் பழக்கம்தான்.

அவர் அவளைப் பார்த்தே பேசினார். “ரெண்டு கை தூக்கக் கூடாதும்மா. யாரா இருந்தாலும் ஒண்ணுதான். அதுவும் வீடு வாங்கின பிறகுதான் ஓட்டு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “வீட்டுக்கு ஒரு ஓட்டுங்க. உங்க வீட்டுல யார் கை தூக்குவாங்கன்னு பேசி வச்சுக்கோங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் அவள் கையை விட்டார்.

“எங்க வீட்டுல இவதான் தூக்குவா” என்றார்.