ஆள் இல்லாத போத்தல்கள்

கிருசாந்தினிக்குப் பயம் கூடப் பிறந்தது. ஒரு மின்னஞ்சல் அனுப்புவதென்றாலும் என் அறை வாசலில் வந்து நிற்பாள். நான் தலையாட்டினால்தான் அது போகும். முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்யும் மரியநேசனின் மகள். மருத்துவம் படித்து, எங்கள் பீடத்தில் விரிவுரையாளராகி, நான்கு வருடமாக என் ஆய்வுகளில் கூட நின்றவள். கெட்டிக்காரி. ஆனால் அவளிடம் எதைக் கேட்டாலும் கேட்டவர் என் முகத்தைப் பார்ப்பார், அவளும் என் முகத்தைத்தான் பார்ப்பாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

இந்த வருடம் முதன்முதலாக அவளுக்கென்று ஓர் ஆய்வு கிடைத்தது. வயல் வேலை செய்பவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் முயற்சி. அதில் என் பெயரைப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் பெயர் இருக்கும்வரை அது என் ஆய்வாகத்தான் இருக்கும், அவளுடைய வேலை நிரந்தரமாவதற்கும் உதவாது. அவள் அழாத குறை. எனக்கும் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

செட்டிகுளத்துப் பக்கம் ஒரு கிராமத்தைத் தெரிந்தெடுத்தாள். போர் முடிந்து முகாமில் இருந்துவிட்டு, அங்கேயே காணி கிடைத்துக் குடியேறிய சனம் கனபேர். முதல்நாள் வீடு வீடாகப் போத்தல் கொடுப்பது, மறுநாள் காலை பொதுநோக்கு மண்டபத்தில் பெயர் கூப்பிட்டுச் சிறுநீரை வாங்குவது என்று ஏற்பாடு. ஆள் வயலுக்குப் போயிருந்தால் வீட்டார் கொண்டுவரலாம். கூப்பிட்ட பெயருக்கெல்லாம் போத்தல் வந்தது, ஒன்றுகூடக் குறையவில்லை. முடிவுகளும் நல்லதாக வந்தன, நினைத்ததைவிட நோய் குறைவு. நான் மனதுக்குள் பெருமைப்பட்டேன். பயந்திருக்க வேண்டும். எந்த ஊரிலும் எல்லாரும் வருவதில்லை.

ஆய்வின் முடிவுகளைப் பார்க்க மேற்பார்வைக் குழு கூடுவதற்கு முதல்நாள் பின்னேரம் என் கைபேசி அடித்தது. கிருசாந்தினிதான். நன்றி சொல்லிவிட்டு வர அந்த ஊருக்குப் போயிருக்கிறாள். இரஞ்சிதம் என்பவருடைய வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, இரஞ்சிதத்தின் கணவர் யோகலிங்கம் பையும் கையுமாக வந்து சேர்ந்திருக்கிறார். மன்னாரில் அறுவடை வேலையாம், ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் வீட்டுக்கு வருகிறாராம். அப்படியானால் போன கிழமை அவருடைய பெயரில் வந்த போத்தல்?

இரஞ்சிதமே நிரப்பிக் கொடுத்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "பேர் கூப்பிடேக்க ஆள் இல்லையெண்டா, எங்கையெண்டு கேப்பினம், பிள்ளை" என்றாராம். அயலில் விசாரித்தால் அங்கும் அதே கதைதான்.

நோய் குறைவாகத் தெரிந்ததும் அதனால்தான். வெயிலில் முறிந்து வேலை செய்யும் ஆண்களுக்குப் பதிலாக வீட்டில் இருந்தவர்கள் நிரப்பியிருக்கிறார்கள். இதை வெளியே சொன்னால் ஆய்வு போகும், அவளுடைய வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் அந்த ஊரில் நோயில்லை என்று முடிவாகும், பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

"மிஸ், நான் என்ன செய்ய?"

பதில் என் நுனிநாக்கில் நின்றது. சொன்னால் நான்கு வருடமும் வீண். சொல்லாமல் விட்டால் அவள் பயத்தில் மறைத்துவிடவும் கூடும்.

"உம்மட ஆய்வு, பிள்ளை. நீர்தான் சொல்லவேணும்" என்றேன்.

நான் கேட்காமலே, தன் குடும்பம் இருந்த முகாமைப் பற்றிச் சொன்னாள். அப்போது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. அண்ணன் அனிஸ்ரன் முகாமுக்கு வரும் வழியில் கூட்டத்தில் தவறிவிட்டான். எப்படியும் வந்துவிடுவான் என்று தாய் புனிதம் அவனையும் சேர்த்தே பதிந்துவிட்டார். அவன் எங்கே என்று யாரும் கேட்டுவிடுவார்களோ என்று அவருக்கு ஒரே நடுக்கம். இராணுவம் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கையில் அவனுடைய பெயர் வரும்போதெல்லாம் இவளை இடித்துக் கையைத் தூக்கவைப்பாராம். அந்தச் சனத்துக்குள்ளே யாருடைய கை என்று யார் பார்த்தார்கள்.

"நானே கை தூக்கினனான், மிஸ். அப்பிடியிருந்தும் அந்தச் சனத்தை நிப்பாட்டி வைச்சுப் பேர் கூப்பிட்டுப்போட்டன்" என்றாள். என்ன செய்யப்போகிறாள் என்று சொல்லாமலே வைத்துவிட்டாள்.

மறுநாள் குழு கூடியபோது நான் கடைசி வரிசையில் இருந்தேன். கிருசாந்தினி எழுந்து, போத்தல்களை நம்ப முடியாது, எல்லா முடிவுகளையும் நீக்குகிறேன் என்றாள். பெயர் கூப்பிடாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் போய்த் திரும்ப எடுக்க அவகாசம் கேட்டாள். குழுத் தலைவர் தயாபரன் கோபக்காரர். கோப்பை மூடிவிட்டு, அவளைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"பிரேமிளா, நீங்கள் சொல்லுங்கோ. இதை நிப்பாட்டுறதோ, தொடர விடுறதோ?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் வாயைத் திறந்திருந்தால் அவள் தப்பியிருப்பாள். பேசாமல் இருந்தேன். அவ்வளவு பயம் என் வாழ்நாளில் எனக்கு வந்ததில்லை.

"மிஸ்ஸைக் கேக்காதேங்கோ, சேர். என்ர பேரைக் கூப்பிடுங்கோ. நான் இருக்கிறன்" என்றாள் கிருசாந்தினி.

சொல்லும்போதே அவளுடைய கை மேலே போயிருந்தது. அவள் அதை இறக்கவில்லை. தயாபரன் கோப்பைத் திரும்பத் திறந்தார். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முதல் கேள்வியைக் கேட்டார்.