மறைந்தவர் வந்து உட்கார்ந்த பெஞ்சு

போன ஞாயிறு எங்கள் கோயிலுக்கு ஒருவர் வந்தார். ஆண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தார். பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார்.

அதற்கு முந்தின ஞாயிறுதான், அவர் இறந்துவிட்டதாக அதே கோயிலில், மைக்கில், நான் வாசித்திருந்தேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் இருக்கிறது. எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. படிப்பு பத்தாவது — அதுவும் இரண்டாம் முறை. வாராவாரம் படிக்கிற உங்களுக்கு இது தெரியும். எங்கள் சபைக் கமிட்டிக்கும் தெரியும். ஆனாலும் சபை வரலாற்றை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பத்தி எழுதுகிறவன் வரலாறும் எழுதுவான் என்று ஒரு நம்பிக்கை.

வரலாறு பெரிதாக ஒன்றுமில்லை. வாய்க்கால் கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை, பதினொரு குடும்பம். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் 'தகப்பன் தொழில்' என்ற கட்டத்தில் ஒரே வார்த்தை — கூலி. எழுதியவருக்குக் கை வலித்திருக்கும். பாதியிலிருந்து மேற்படி, மேற்படி என்று போட்டுக்கொண்டே போயிருக்கிறார். நடவுக் காலத்தில் ஞாயிறும் வேலை என்று பண்ணையில் சொல்லிவிட்டால், விடிவதற்குள் ஆராதனை முடிந்துவிடுமாம். வரப்பில் நடந்து வந்த எல்லார் காலிலும் சேறு. போதகர் காலிலும்.

அந்த மேற்படிகளின் பேரப்பிள்ளைகள் இன்று நர்ஸ், வாத்தியார், பேங்க் மேனேஜர். இரண்டு பேர் துபாயில். ஒருவன் உங்களுக்குப் பத்தி எழுதுகிறான்.

வருடத்தில் ஒரு ஞாயிறு, மரித்தவர்களை நினைத்து அவர்கள் பெயர்களை வாசிப்பது எங்கள் சபை வழக்கம். வழக்கமாக அந்த வருடம் போனவர்கள் மட்டும். இந்த முறை, வரலாறு எழுதுகிறோமே, முதல் பதினொரு குடும்பத்திலிருந்து எல்லாரையும் வாசித்துவிடலாம் என்றார் போதகர். அரை மணி நேரம் வாசித்தேன். கடைசிக்கு முந்தின பெயர் — ஆசீர்வாதம்.

வாய்க்கால் ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்து ரிட்டயர் ஆனவர். எனக்குச் சொந்தமில்லை, சபையில் பெரியவர்கள் எல்லாரும் மாமாதான். மனைவி ஞானம்மாள் இறந்ததும் கோயிலுக்கு ஒரு சீலிங் ஃபேன் வாங்கிக் கொடுத்தார். ஒரு றெக்கையில் 'ஞானம்மாள்'. அடுத்ததில் 'நினைவாக'. மூன்றாவதில் 'ஆசீர்வாதம்'. பெண்கள் பக்கம், அந்த அம்மா உட்காரும் இரண்டாவது பெஞ்சுக்கு நேர் மேலே மாட்டச் சொன்னார். கரண்ட் போனால் எல்லாரும் விசிறிக்கொள்வோம். மாமா மட்டும் அண்ணாந்து பார்ப்பார். நின்றால்தானே பெயர் தெரியும்?

நல்ல ஃபேன். அதுதான் வினை. காற்று அதிகமென்று, அதைப் பாடகர் குழுப் பக்கம் மாற்றக் கமிட்டி முடிவெடுத்தது. ஏணி போட்டுக் கழற்றியது நான்.

சபைக் கூட்டத்தில் மாமா எழுந்தார். பீடத்தைப் பார்த்துக் கையை நீட்டிச் சொன்னார்: "இனி என் பொணம்தான் இந்தக் கோயிலுக்குள்ள வரும்!"

மயிலாடுதுறையில் மகள் வீட்டோடு போய்விட்டார். முந்தைய போதகர் இரண்டு முறை நேரில் போய் அழைத்தார். மாமா காபி கொடுத்து, "ஆண்டவர் சந்நிதியில சொன்ன வார்த்தைங்க ஐயா... எப்படி மீறுறது?" என்று அனுப்பிவிட்டார். அங்கே வேறு கோயிலுக்கும் போகவில்லை. ஒன்பது வருடம், நற்கருணை அப்பமும் ரசமும் இல்லாமல்.

அவரை எப்படிச் சாகடித்தேன்? விசாரிக்காமல் இல்லை. "ஆசீர்வாதம் மாமா போயிட்டாராமே?" என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பேரும் "கேள்விப்பட்டேன்" என்றார்கள். யாரிடம் கேள்விப்பட்டார்கள் என்று பிறகு விசாரித்தேன். என்னிடம்தான்.

திங்கட்கிழமை போன் வந்தது.

"அண்ணே, கிரேஸ் பேசறேன், மாயவரத்துலேருந்து. அப்பா உங்ககிட்ட பேசணும்ங்கறாங்க."

"எந்த அப்பா?"

"எனக்கு ஒரு அப்பாதாண்ணே."

போன் கை மாறியது.

"ஏண்டா சாமுவேலு, என்னைய எப்படா அடக்கம் பண்ணீங்க? சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல?"

"மாமா... மன்னிச்சிருங்க மாமா. விசாரிச்சுத்தான்..."

"விசாரிச்ச லட்சணம்! நம்ம ஆராதனைய யூடியூப்ல போட ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு ஞாயிறு விட்டதில்ல. என் பேர என் காதால கேட்டேன். நல்லா நிறுத்தித்தான் படிச்ச."

 பிறகு குரல் இறங்கியது.

"ஒண்ணு கேக்கறேன் தம்பி. என் பொணம்தான் உள்ள வரும்னு சொன்னேன். அதே சந்நிதியில நீ என்னைய செத்துட்டேன்னு சொல்லிட்ட. இப்ப நான் வந்தா... வார்த்தை தப்புனதா ஆகுமாடா?"

எனக்கு வேத சாஸ்திரம் அவ்வளவு தெரியாது. "ஆகாது மாமா, வாங்க" என்றேன். சொல்லிவிட்டுத்தான் போதகரிடம் போய்க் கேட்டேன். சின்ன வயசுக்காரர். ரொம்ப நேரம் யோசித்தார். "வரட்டும்ங்க" என்றார்.

சனிக்கிழமை, ஃபேனைப் பழைய இடத்துக்கே மாற்ற ஏணியை எடுத்தேன். பாடகர் குழுப் பெண்கள் வந்து நின்றார்கள்.

"எங்களுக்குக் காத்துண்ணே?"

"மழைக்காலம். தொண்டை கட்டிக்கும்."

ஞாயிறு காலை மாமா வந்தார். இளைத்திருந்தார். வாசற்படியில் வலது காலைத் தூக்கி, திரும்ப வைத்துவிட்டார். போதகர் உள்ளேயிருந்து வந்து கையைப் பிடித்தார்.

"போன வாரத் தப்புக்கு இன்னைக்குத் திருத்தம் அறிவிச்சிடறேங்க ஐயா."

"ஆராதனை முடிஞ்சு சொல்லுங்க," என்றார் மாமா அவசரமாக. "அதுவரைக்கும் நான் செத்தவனாவே இருந்துக்கறேன்."

வந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். ஓடுகிற ஃபேனில் என்ன தெரியும்? வெறும் வட்டம். நான் எழுந்து போய் சுவிட்சை அணைத்தேன். றெக்கைகள் மெல்ல மெல்ல நின்றன. மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஆராதனை முடிகிற வரைக்கும் யாரும் ஃபேன் போடச் சொல்லவில்லை. பாடகர் குழுகூட.

நற்கருணைக்கு முழங்கால் போட்டவர், எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். மூட்டு வலியாம். அப்படித்தான் சொன்னார்.

கடைசி ஜெபம் முடிந்து போதகர் அறிவித்தார்: "சென்ற வாரப் பட்டியலில் ஒரு பெயர் முன்கூட்டியே வாசிக்கப்பட்டுவிட்டது."

கோபத்தில் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, அதைக் காப்பாற்றிக்கொண்டு வெளியிலேயே நிற்கிறவர்கள் எத்தனை பேரோ? உங்கள் வீட்டில் ஒருவராவது இருப்பார். இரண்டு முறை ஒரு போதகர் சரியாக அழைத்து நடக்காதது, நான் தப்பாக ஒரு பெயர் படித்து நடந்தது. இதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை... ஆண்டவர் கையில் கிடைத்த ஆளை வைத்து வேலை பார்க்கிறார், அவ்வளவுதான்.

மாமா புறப்படும்போது என் தோளில் கை வைத்தார். "அடுத்த தடவ படிக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணு."

வரலாற்றில் அவர் பெயருக்கு நேரே பென்சிலில் குறித்து வைத்திருக்கிறேன் — கேட்டுவிட்டுப் படிக்கவும்.