கப்பியைக் கழற்றிய தீர்வு

பொதுக் கிணற்றின் கைப்பிடிச் சுவர் இடிந்தால் உடனே கட்டித்தர வேண்டும் என்பது விதி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், செம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருத்தி, தன் ஊர்க் கிணற்றுச் சுவர் இடிந்துவிட்டதென்று எங்கள் தாலுகா அலுவலகத்துக்கு மனுவோடு வந்தாள். எந்தப் பிரச்சினையையும் சுருக்கிவிடுவதில் எங்கள் அதிகாரி கெட்டிக்காரர்.

“சுவரு பெரிய வேலை, தாயி. கயிறு ஓடுற கப்பியக் கழட்டிட்டா ஒருத்தரும் கிட்டப் போகமாட்டாக. விழவும் மாட்டாக.”

“அப்ப தண்ணிக்கு என்னங்கய்யா செய்ய?”

“அது வேற பிரச்சினை. தனி மனுவா எழுதிக் குடு.”

கப்பியைக் கழற்றியதும் கோப்பை மூடினோம். அவள் இரண்டாம் மனுவையும் கொடுத்தாள். வேறு தண்ணீர் இல்லாததால், கிணற்று விளிம்பில் நின்று வெறுங்கையால் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் குடத்தோடு உள்ளே விழுந்தாள். கப்பியைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம் என்ற அனுமதி அவள் பெயருக்கே தபாலில் வந்தது, கருமாதியன்று.