திருநீற்றால் மினுக்கிய போலந்துக் காசு

பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார்: "பிள்ளை, ஹெலெனா அன்ரி காலமை ஆஸ்பத்திரியில மோசம் போயிட்டாவாம். மகள் வந்து சொல்லிப்போட்டுப் போறா." அன்ரி இறந்துவிட்டார் என்றதும் என் தங்கை அபிரா உடனே அழுதாள். நான் அழுவதற்கு முன்பே அவள் அழுதது எனக்குப் பிடிக்கவில்லை.

ஹெலெனா அன்ரி போலந்திலிருந்து வந்து எங்கள் தெருவில் குடியிருந்தவர். இந்தத் தெருவில் இருக்கும் நீங்கள் எல்லோரும் மாசி மாதத்தில் அவர் தந்த பிளம்ஸ் ஜாமைச் சாப்பிட்டிருப்பீர்கள். அவருடைய வெள்ளிக்காசைப் பார்த்தவர்கள் குறைவு. ரஷ்யப் பேரரசனை எதிர்த்துப் போலந்து மக்கள் ஒரு ஜனவரியில் கிளர்ந்தெழுந்து தோற்றார்கள். அதன் நினைவாக வெளியிட்ட காசு அது. நீண்ட அரிவாளோடு ஒரு குடியானவர் அதில் நிற்பார். அன்ரியின் முன்னோர் ஒருவர் அந்தப் போரில் இறந்தவர்.

அந்த எழுச்சியைப் பற்றி நூலகத்தில் கிடைத்த எல்லாவற்றையும் நான் படித்தேன். காசை வெறுங்கையால் தொடக்கூடாது என்றும் படித்து, அதை அன்ரியிடம் சொன்னேன். அடுத்த வாரமே எனக்கு வெள்ளைப் பருத்திக் கையுறை வாங்கி வைத்திருந்தார். "பேராசிரியர் வந்துவிட்டார், காசை எடுங்கள்" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். அபிராவை மட்டும் தன் மொழியில் "செல்லமே" என்று கூப்பிடுவார். அவளுக்குப் போலந்து எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

சரஸ்வதி பூசைக்கு எங்கள் புத்தகங்களோடு வைக்கச் சொல்லி அந்தக் காசைத் தந்தார். அம்மா குங்குமச் சிமிழைத் திருநீறு போட்டு மினுக்குவதைப் பார்த்த அபிரா, காசையும் தேய்த்துவிட்டாள்.

"எடி விசரி! பழைய காசை மினுக்கினால் அதின்ர மதிப்பே போயிடும்!"

"டர்ட்டியா இருந்துதக்கா. க்ளீன் பண்ணினனான்."

அன்ரி வந்தார். காசை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். "இத்தனை நாளும் கறுப்புக்குள் நின்றாரே, இன்றைக்குத்தான் இவர் முகத்தைப் பார்க்கிறேன்" என்று சொல்லி, அபிராவின் திருநீற்றுக் கையைப் பிடித்து முத்தமிட்டார். நான் கையுறையோடு நின்றேன்.

இறுதிச்சடங்கு முடிந்ததும் அவருடைய மகள் ஒரு சிறு பெட்டியைக் கொண்டுவந்தார். "அம்மா இதை அபிராவுக்குக் கொடுக்கச் சொன்னார்." எனக்கு ஒன்றும் இல்லையா என்று நான் கேட்கவில்லை. அம்மா என் தோளைத் தொட்டார், தட்டிவிட்டேன்.

காரில் அபிரா காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, இந்த ஆள் ஏன் அரிவாளோட நிக்கிறார்? வென்றவரோ?"

"முதல்ல காசைத் தா. சொல்லுறன்."

அன்றுதான் அதை முதன்முறையாக வெறுங்கையில் வாங்கினேன். அவளுடைய கைச்சூடு அதில் இருந்தது.

ஹெலெனா அன்ரியிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு சோடிக் கையுறையும் அந்த எழுச்சியின் முழுக் கதையும். கதையை ஒரே நாளில் சொல்லி முடிக்க மாட்டேன். கேட்க வரும் ஒவ்வொரு முறையும் அபிரா காசை என் கையில் வைக்க வேண்டும்.