நாலு மணி நேரமும் ஆறு நிமிஷமும்

நேற்று செல்போன் சார்ஜர் சூடேறி ஒரு வாடை வந்தது. பிளக்கைப் பிடுங்காமல் கொஞ்ச நேரம் மோந்துகொண்டே நின்றேன். நல்ல பழக்கமில்லைதான்.

அது தூத்துக்குடியில் நான் பார்த்த முதல் வேலையின் வாடை. கடலுக்குப் போன வள்ளம் எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்லும் பெட்டி செய்தோம். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு. நாங்கள் எழுதும் புரோகிராமைப் போர்டு ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்ற, அதாவது கம்பைல் செய்ய, அந்தப் போர்டிலேயே நாலு மணி நேரமாகும்; சூடேறி இதே வாடை வரும். சில நாள் மெமரி தீர்ந்து பாதியில் நின்றுவிடும். கூட வேலை பார்த்த ஸ்டெல்லா நாசரேத்துக்காரி. ஆபீஸில் இருந்த ஒரே ஃபேனைப் போர்டுக்குத் திருப்பிவிட்டு, தான் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. போர்டுக்கு வேண்டியதை லேப்டாப்பிலேயே தயாரிக்கும் கிராஸ் கம்பைலிங்கைக் கற்றுக்கொண்டேன். ஆறே நிமிஷம். ராஜா மாதிரி நடந்தேன்.

"ஏலே, எல்லா போர்டுலயும் ஓட்டிப் பாத்தியா?" என்றாள்.

"எல்லாம் ஒண்ணுதான், ஏளா."

ஒன்றில்லை. புன்னைக்காயலில் செபஸ்தியான் அண்ணாச்சியின் வள்ளத்தில் இருந்தது பழைய போர்டு. புரோகிராம் ஓடத் துணைக்கு வேண்டிய லைப்ரரிகளும் அதில் பழசு. நான் ஏற்றிய புரோகிராம் அங்கே தொடங்கவே இல்லை. மின்சாரம் வருகிறது என்று மட்டும் சொல்லும் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு நான் பஸ் ஏறிவிட்டேன்.

அந்த வாரமே கடலில் அண்ணாச்சியின் வள்ளத்தில் எஞ்சின் நின்றது. ஆபீஸில் எங்கள் திரையில் வள்ளம் இல்லை. மறுநாள் மதியம் வேறொரு வள்ளம் தற்செயலாகக் கண்டு கட்டி இழுத்து வந்தது. அதிலிருந்த நாலு பேருக்கும் தண்ணீரில்லாமல் உதடு வெடித்திருந்தது.

அண்ணாச்சி திட்டவில்லை. "தம்பி, மொத நாளே தூரத்துல ஒரு வள்ளம் போச்சு. பச்ச எரியுதே, கரைக்குத் தெரிஞ்சிருக்கும்னு நாங்க கூப்பிடல."

ஸ்டெல்லாவும் என்னோடு புன்னைக்காயலுக்கு வந்திருந்தாள்.

அவள் வள்ளத்தில் ஏறிப் பெட்டியைத் திறந்து, அந்தப் போர்டிலேயே கம்பைல் செய்யத் தொடங்கினாள். கொளுத்தும் வெயில். நாலு மணி நேரமும் போர்டுக்கு நான் குடை பிடித்தேன். முடிந்ததும் ஆபீஸுக்குப் போன் போட்டாள். "திரையில வள்ளம் தெரியுதா?" தெரிகிறது என்று பதில் வந்த பிறகுதான் இறங்கினாள்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. ஸ்டெல்லா எங்கோ வெளிநாட்டில். இன்று நான் எழுதுவதை எந்த ஊரிலோ இருக்கும் சர்வர் கம்பைல் செய்து, எல்லா மாடலிலும் சோதித்தே அனுப்புகிறது. தப்பு குறைவு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது யாருடைய வள்ளத்தில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியாது.